அனிமே சிலை விற்கும் மகன்: திருகோணமலை அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகன் உயர்தரப் பெறுபேறு வரும்வரை ஜப்பானிய அனிமே கார்ட்டூன் பாத்திரங்களைக் களிமண்ணில் செய்து இன்ஸ்டகிராமில் விற்கிறான், உப்புவெளிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களும் வாங்குகிறார்கள், "பொலிஸ் வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். நாளைக்கே யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. ஆனாலும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முடிக்கற்றைகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறான். பாயும் உருவத்தின் பாரம் முழுவதையும் ஒற்றைக் கணுக்காலில் நிறுத்தியிருக்கிறான். உள்ளே கம்பி சரியாக வளையாவிட்டால் அது நிற்காது. இந்தப் பிள்ளையைச் "செய்யாதே" என்று தடுத்துவிடாதீர்கள். வீட்டு அலுமாரியில் வைக்க எதையும் செய்யட்டும். விலை போடும்போதுதான் விவகாரம்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவதும் அதன் பிரதிகளை விற்பதும் உரிமையாளரின் அனுமதியோடு செய்ய வேண்டியவை. ஜப்பான்காரனுடையதுதானே என்று விடவும் முடியாது. பிற நாட்டுப் படைப்புகளுக்கும் பாதுகாப்புத் தரும் பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959இலிருந்து இருக்கிறது, ஜப்பானும் இருக்கிறது. தெரிந்தே மீறியதாக நீதவான் நீதிமன்றம் கண்டால், முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். நட்டஈட்டு வழக்கு தனி.

"ரசிகர் படைப்பு என்று போட்டிருக்கிறேன்", "முப்பது வீதம் மாற்றிவிட்டேன்", "என் கையால் செய்தது" என்றெல்லாம் தம்பி சொல்வான். எதுவும் நிற்காது. அப்படி ஒரு வீதக் கணக்கே சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் பேட்மேனின் காரை அச்சு அசலாகச் செய்து விற்றவர்மீது டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டது. அந்தக் காரே பாதுகாப்புக்குரிய ஒரு பாத்திரம்தான் என்று 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. காருக்கே அப்படியென்றால், முகமும் உடையும் உள்ள உருவத்துக்குக் கேட்கவா வேண்டும்?

நடைமுறையில் முதலில் வருவது வழக்கு அல்ல, உரிமையாளர் புகார் செய்திருக்கிறார் என்ற இன்ஸ்டகிராமின் அறிவித்தல். பதிவு நீக்கப்படும், திரும்பத் திரும்ப வந்தால் கணக்கே போய்விடும், சேர்த்த வாடிக்கையாளர்களும் அதோடு போவார்கள். கோபத்தில் மறுப்பு அனுப்ப வேண்டாம். இன்ஸ்டகிராம் அமெரிக்க நிறுவனம்; அமெரிக்கச் சட்டப்படி மறுப்பு அனுப்புகிறவர் அங்குள்ள நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். பொருளை எடுத்துவிட்டு, வந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

ஜப்பானில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற கண்காட்சியில், அமெச்சூர் சிற்பிகள் முன்கூட்டியே மாதிரியைக் காட்டி அந்த ஒரு நாளுக்கு மட்டும் விற்க உரிமம் வாங்கலாம். நம் ஊரில் அப்படி இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான்.

ஆகவே விற்பனைக்குச் சொந்தப் பாத்திரங்கள். இராவணன் யாருக்கும் சொந்தமில்லை. கோணேசர் கோயில் மலையை அவன் வெட்டிய கதையை வைத்தே ஒரு வரிசை செய்யலாம். ஆனால் அங்கே சுவாமி மலையில் நிற்கும் இராவணன் சிலையையோ தொலைக்காட்சி இராவணனையோ பார்த்துப் பிரதி எடுக்கக் கூடாது. உருவம் அவனுடையதாக இருக்க வேண்டும்.

படிப்பு என்று வந்தால், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, அதற்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. பிளெண்டர் மென்பொருள் இலவசம். கணினியில் சிற்பம் செய்யத் தெரிந்தால் உரிமம் பெற்ற பொம்மை நிறுவனங்களிலும் விளையாட்டு நிறுவனங்களிலும் வேலைக்கு முயற்சிக்கலாம். அங்கே கேட்பது செய்தவற்றின் தொகுப்பைத்தான். அனிமே சிலைகளை அதில் திறமைக்கு உதாரணமாகக் காட்டலாம், பாதியாவது சொந்தமாக இருக்கட்டும். இனிச் செய்யும் ஒவ்வொன்றையும் வெறும் கம்பியாக இருக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தன் கையால் முதலிலிருந்து செய்தது என்று காட்ட அது உதவும்.