பதில்: கடைசில கல்யாணம் பண்ணி வச்சதும் கதை படுத்துடுச்சு

சிஸ், உங்க கதைல பினாங்கு பிறைல இருக்கிற 17 வயசு பொண்ணு, கையில குழந்தை, கடைசில அந்தக் குழந்தையோட அப்பாவான பையனையே கட்டிக்கிறா, கதைய படிச்சவங்க எல்லாம் இவளுக்கு ரோஷமே இல்லையான்னு கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. சரியாத்தான் லா கேக்குறாங்க.

மொதல்ல, அந்தக் கல்யாணமே அவ்ளோ ஈசியா நடக்காது. மலேசியால முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1976 கல்யாணச் சட்டப்படி 18 ஆகணும், 16 முடிஞ்ச பொண்ணுன்னா முதலமைச்சர் லைசன்ஸ் வேணும், நீங்க கோயில்ல மாலை மாத்தி ஒரே பக்கத்துல முடிச்சிட்டீங்க.

நானா இருந்தா பிறப்புப் பத்திர சீனைத்தான் பெருசா எழுதுவேன். தீபகற்ப மலேசியால குழந்தை பிறந்து 60 நாளுக்குள்ள பதியணும், கல்யாணம் ஆகலன்னா அப்பா பேரு சும்மா ஏறாது, அவனும் வந்து அம்மாகூட சேர்ந்து கேட்டாத்தான் போடுவாங்க. அவன் வரேன் வரேன்னு வாட்ஸ்அப்ல சொல்லிட்டே இருக்கான், இவ பதிவிலாகா பெஞ்சுல குழந்தைய தோள்ல போட்டுட்டு நம்பர் கூப்பிடுறத பாத்துட்டே இருக்கா, ரெண்டு தடவ நம்பர விட்டுட்டு மூணாவது தடவ எழுந்து தனியாவே கவுண்டருக்குப் போறா. ஒரு வார்த்தை வசனம் வேணாம். (பக்கத்துல ஒரு ஆண்ட்டி "அப்பா எங்க மா"ன்னு கேக்கணும், நம்ம ஊர்ல கேக்காம இருப்பாங்களா?)

அப்புறம் அவ எஸ்பிஎம்ம (அஞ்சாம் படிவ அரசாங்கப் பரீட்சை) பள்ளி மூலமா இல்லாம தனிப்பட்ட மாணவியா எழுதலாம், அத ரெண்டு வரில சொன்னா போதும். பாஸ் ஆனாளா இல்லையான்னு சொல்லவே வேணாம். அவ அம்மா குழந்தைய வச்சிக்கிட்டு பரீட்சை ஹால் வாசல்ல நிக்கிறாங்க, அங்கயே விட்டுடுங்க.