வெள்ளையடித்த டி-34: பூசுவதைவிடத் தேய்ப்பதுதான் வேலை

கேள்வி: 1942-ஆம் ஆண்டு டி-34/76 என்ற சோவியத் டாங்கியின் பிளாஸ்டிக் மாடலை 1/35 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். பச்சையை லாக்கர் ஸ்ப்ரே கேனால் அடித்தேன், நன்றாகவே வந்தது. அதன் மேல் பனிக்கால வெள்ளையை அக்ரிலிக் பெயிண்ட்டால் பிரஷ் வைத்துப் பூசியதும் மொத்தமும் கெட்டுவிட்டது. பிளாஸ்டர் பொம்மை மாதிரி இருக்கிறது. டீகாலாக (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டிய டாங்கி எண்ணைச் சுற்றி வெள்ளி போல ஒரு மினுமினுப்பு. சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக், இதில் ரப்பர் மாதிரியானது, சக்கரங்களுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. பெயிண்ட்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் என்னிடம் கிடையாது. இதைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: தாராளமாகக் காப்பாற்றலாம். ஏர்பிரஷ் இல்லாததும் இந்த வேலைக்கு ஒரு குறை இல்லை. நிஜ டாங்கிக்கே வெள்ளையைப் பெரும்பாலும் பிரஷ்ஷாலும் துடைப்பத்தாலும்தான் அடித்தார்கள்.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று பார்த்துவிடுவோம். சோவியத் டாங்கிகள் தொழிற்சாலையிலிருந்து '4பிஓ' என்ற பச்சையில் வந்தன. பனி விழ ஆரம்பித்ததும், சுண்ணாம்பையோ சாக்கட்டித் தூளையோ கரைத்து அந்தப் பச்சையின் மேலேயே பூசுவார்கள். பனி கரைந்ததும் கழுவி விடுவார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகில் என்ன ஒட்டுமோ, அதே சரக்குதான். தொட்டால் ஒட்டும், உரசினால் போகும், தண்ணீர் பட்டால் வழியும். நீங்கள் பூசியிருப்பதோ எங்கும் ஒரே கனத்தில் நிற்கிற, அசையாத வெள்ளை. பொம்மை மாதிரி தெரிவதற்கு முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம் தடிமன். 1/35 என்றால் மாடலில் உள்ள எதையும் 35-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் பூச்சு 0.1 மில்லிமீட்டர் ஏறியிருந்தால், நிஜ டாங்கியில் அது மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள சுண்ணாம்புப் பத்தை. பெயிண்ட் உதிர்ந்ததைக் காட்ட ஒரு மில்லிமீட்டருக்குப் பொட்டு வைத்தால் அது மூன்றரை சென்டிமீட்டர் ஓட்டை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

சரி, இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து வெள்ளையைத் துடைத்து எடுங்கள். அக்ரிலிக் இளகி வந்துவிடும். கீழே உள்ள பச்சை லாக்கர் என்பதால் பெரும்பாலும் தாங்கும். ஆனாலும் டாங்கியின் அடித்தட்டில், யாரும் பார்க்காத இடத்தில், முதலில் சோதித்துவிடுங்கள். மினுமினுக்கிற டீகாலை செலோடேப் ஒட்டி உரித்துவிடலாம். மூலைமுடுக்கில் கொஞ்சம் வெள்ளை தங்கினால் விட்டுவிடுங்கள், அது நமக்கு லாபம்தான்.

அடுத்து பச்சையின் மேல் பளபளப்பான (கிளாஸ்) வார்னிஷ் ஒரு கை அடித்து ஒரு நாள் காய விடுங்கள். டீகாலில் வந்த வெள்ளி மினுமினுப்புக்கான மருந்தும் இதுதான். பளபளப்பில்லாத மேட் பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பானது. அதன்மேல் டீகால் படியும்போது அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது, அந்தக் காற்றுதான் வெள்ளியாகத் தெரிகிறது. வழவழப்பான பரப்பில் அது சிக்க இடமில்லை. டீகால் ஒட்டிக் காய்ந்ததும் அதன் மேலும் ஒரு கை வார்னிஷ். எண் உள்ள டாங்கிகளுக்கு வெள்ளையடிக்கும்போது, எண்ணைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பூசுவது உண்டு. உங்கள் டரட்டிலும் (பீரங்கி உள்ள, சுழலும் மேல்கூடு) அப்படி ஒரு கோணல்மாணலான பச்சைச் சதுரம் இருந்தால், பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

இனி ஹேர் ஸ்ப்ரே. கடையில் கிடைக்கிற மலிவான ஹேர் ஸ்ப்ரேயே போதும். ஓரடி தூரத்திலிருந்து மெல்லியதாக இரண்டு தடவை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் காய விடுங்கள். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே தண்ணீரில் கரையக்கூடிய ஒரு படலம் உட்கார்ந்துவிட்டது. வெள்ளை அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டே கலக்குங்கள், பாதிக்குப் பாதி. அதற்கென்று உள்ள தின்னரை ஊற்றினால் பூச்சு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிறகு வர மறுக்கும். தூய வெள்ளையும் வேண்டாம், இரண்டு சொட்டு பஃப் (மங்கிய மணல்) நிறம் சேருங்கள். நான் தமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-2 வெள்ளையில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-57 பஃப் கலப்பேன்.

தட்டை பிரஷ்ஷால், பக்கச் சுவர்களில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். போனால் அடியில் உள்ள ஹேர் ஸ்ப்ரே கரைந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். திட்டுத் திட்டாக, பச்சை தெரியத் தெரியத்தான் இருக்கும். இருக்கட்டும். எரிபொருள் டிரம்முக்குப் பின்னால், கைப்பிடிகளுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவில் எல்லாம் குளிரில் நடுங்குகிறவன் கையை விட்டுப் பூசியிருக்க மாட்டான். நீங்களும் பூசாதீர்கள்.

அரை மணி நேரத்துக்குள் தேய்க்க ஆரம்பித்துவிட வேண்டும். ஒருமுறை நான் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தூங்கப் போய்விட்டேன். மறுநாள் டூத் பிரஷ், வெந்நீர், கடைசியில் நகம் வரை முயன்றும் வெள்ளை அசையவில்லை. ஒரு கை அகலத்துக்கு மட்டும் தண்ணீரால் நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, முடியைக் குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தித் தேயுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் திடீரென்று ஓரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் கையை இலேசாக்குங்கள்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லா விளிம்புகளையும் ஒரே அளவில் தேய்த்துவிட்டால் மறுபடியும் பொம்மைதான். டாங்கியில் யார் எங்கே ஏறினார்கள் என்று யோசியுங்கள். டி-34/76-இல் நான்கு பேர். ஓட்டுநரின் கதவு முன்பக்கச் சாய்வுத் தகட்டிலேயே இருக்கிறது. அதன் விளிம்பும் கீழே பூட்ஸ் படும் இடமும் அநேகமாகப் பச்சையாகவே இருக்கும். டரட்டின் மேல்மூடியைச் சுற்றியும் அப்படித்தான். காலாட்படை வீரர்கள் டரட்டுக்குப் பின்னால் எஞ்சின் மேல்தட்டில் குந்திக்கொண்டு போவார்கள். அந்தத் தட்டு பூட்ஸ் தேய்ப்பும் எஞ்சின் சூடுமாக இரண்டு பக்கமும் அடிவாங்குகிற இடம், தயங்காமல் தேயுங்கள். பின்தகட்டில் இரண்டு புகைபோக்கி முனைகள். உள்ளே இருப்பது 12 சிலிண்டர் டீசல் எஞ்சின், அதனால் அவற்றைச் சுற்றிக் கரும்புகை படிந்திருக்க வேண்டும்; கறுப்பு பாஸ்டல் சாக்கை உப்புத்தாளில் உரசி அந்தத் தூளை வைத்தால் போதும். டரட்டின் பக்கவாட்டிலும் பக்கச் சுவர்களின் நடுவிலும் வெள்ளை நிறையவே தங்கட்டும்.

அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டீர்களா? பயம் வேண்டாம். ட்யூபில் வரும் வெள்ளை ஆயில் பெயிண்ட்டை ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்தால் இழந்த வெள்ளை திரும்பிவிடும். இதைச் செய்யும் முன் வார்னிஷ் ஒரு கை அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளி நிறத்தில் கீறல் வரைகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெள்ளைக்குக் கீழே தெரிய வேண்டியது பச்சை. அதற்கும் கீழே போவதானால் கரும்பழுப்பு, அதுவும் ஊசி முனை அளவுக்கு.

டிராக் விஷயம் சுலபம், ஆனால் விட்டுவிடக் கூடாதது. டி-34-க்குப் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். மேலே டிராக்கைத் தாங்கும் சின்ன உருளைகள் கிடையாது. அதனால் அரை மீட்டர் அகலமுள்ள அந்த இரும்பு டிராக் தன் கனத்தாலேயே தொய்ந்து, சக்கரங்களின் தலைமேல் படுத்துக் கிடக்கும். ரப்பர் போன்ற டிராக்குக்கு அந்தக் கனம் இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். சக்கரங்களின் மேல்புறத்தில் கடுகளவு சூப்பர் குளூ வைத்து, டிராக்குக்கும் மேலே உள்ள மட்கார்டுக்கும் இடையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டித் திணித்து, இரவு முழுக்க விடுங்கள். ஓட்டும் சக்கரம் பின்னால் இருப்பது. அதற்கும் கடைசிச் சக்கரத்துக்கும் நடுவில் தொய்வு நன்றாகத் தெரிய வேண்டும். டிராக்கைக் கரும்பழுப்பாக அடித்து, தரையில் படுகிற மேடுகளில் மட்டும் 6பி பென்சிலால் உரசினால் தேய்ந்த இரும்பு வந்துவிடும். இன்னொன்று: 1942-இல் ரப்பர் தட்டுப்பாட்டால் பல டி-34-களுக்கு விளிம்பில் ரப்பர் இல்லாத இரும்புச் சக்கரங்கள் வந்தன. உங்கள் கிட்டில் இருப்பது அதுவானால் அந்த விளிம்பிலும் பென்சிலை ஓட்டுங்கள். ரப்பர் உள்ளதானால் கரும் சாம்பல்.

கடைசிப் பூச்சு மேட் வார்னிஷ். இதை மழைநாளில் கேனிலிருந்து அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் வார்னிஷ் பனி மூடியது போல வெளுத்துவிடும். ஒரு நவம்பர் சாயங்காலம் மொட்டை மாடியில் நான் அப்படி அடித்த டாங்கி, பச்சை எது வெள்ளை எது என்று தெரியாமல் போய், இன்னும் அலமாரியின் பின்வரிசையில்தான் நிற்கிறது. நல்ல வெயில் உள்ள மதியத்தில், கேனைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, நன்றாகக் குலுக்கிவிட்டு அடியுங்கள்.