கலிபோர்னியா ஆளுநர் பிரைமரி: கட்சி மாறிப் போடலாமா?

போடலாம். பிரைமரி என்பது நவம்பர் இறுதித் தேர்தலுக்கு முன் நடக்கும் முதல் சுற்று. ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிந்திருந்தாலும் குடியரசுக் கட்சிக்காரருக்கு நீங்கள் வாக்களிக்கலாம். பதிவை மாற்ற வேண்டியதில்லை. அங்கே ஆளுநர் பதவிக்கு எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில்தான் வருவார்கள். முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள்.

2024இல் உங்களுக்கு ஒரு கட்சியின் பெயர்கள் மட்டும் வந்திருந்தால், அது அதிபர் பிரைமரியாக இருக்கும். அதற்கு விதி வேறு. பெரும்பாலும் குழப்பம் இங்கேதான்.

உங்கள் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அனுப்பும் மாதிரி வாக்குச்சீட்டை எடுத்து ஆளுநர் பகுதியைப் பாருங்கள். பல கட்சிப் பெயர்கள் கலந்திருந்தால் சரி.

ஒன்று கவனியுங்கள்: ஜூன் பிரைமரியில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினாலும் ஜெயித்ததாகாது. 2022இல் ஜனநாயகக் கட்சியின் கேவின் நியூசம் அப்படி வாங்கியும் நவம்பரில் குடியரசுக் கட்சியின் பிரையன் டாலியோடு மோத வேண்டியிருந்தது. அப்புறம், இறுதிச் சுற்றில் இருவருமே ஒரே கட்சியாகவும் அமையலாம். 2016 செனட் தேர்தலில் கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ் இருவரும் ஜனநாயகக் கட்சிதான். சீட்டில் இல்லாத பெயரை எழுதிப் போடும் வசதியும் நவம்பரில் கிடையாது. உங்களுக்குப் பிடித்தவர் இருந்தால் ஜூனிலேயே போட்டுவிடுங்கள்.