“பிபி மாத்திரை மட்டும்தான் சார்” என்று நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, பிபிக்கு ஒரு மாத்திரை. கூடவே சிறுகுறிஞ்சான் பொடி, இருமலுக்கு அதிமதுரம், முடி கொட்டாமலிருக்க பயோட்டின். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? டாக்டர் திட்டுவாரோ என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அவசியம் சொல்லுங்கள், அதுவும் அவசரப் பிரிவு டாக்டர்களான நாங்கள் கேட்பதற்கு முன்பே. பயோட்டினை முதலில் சொல்லுங்கள்.

வைட்டமின்தானே என்று தோன்றும். நெஞ்சுவலி என்று வருபவருக்கு இசிஜியோடு ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வோம். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் அது கூடும். சில லேப் முறைகளில் அதைப் பிடிக்கும் கொக்கியே பயோட்டின்தான். மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் ரத்தத்தில் நிறைந்திருந்தால், கொக்கி மாட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும்; ட்ரோபோனின் ஏறியிருந்தும் ரிப்போர்ட்டில் குறைவாக வரும். மாரடைப்பு வந்தவரை ‘கேஸ் ட்ரபிள்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய ஆபத்து இது. இப்படித் தவறாக வந்த ரிசல்ட்டோடு ஒரு மரணமும் பதிவானதைச் சொல்லி, 2017 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 10 மில்லிகிராம், அதாவது 300 மடங்குக்கும் மேல். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடைசியாக எப்போது போட்டார் என்று தெரிந்தால், வேறு முறையில் சோதிக்கலாமா என்று லேபில் கேட்போம்.

சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும். கிளிமெபிரைடும் குறைக்கும். இரண்டும் சேர்ந்து, அன்று சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். வீட்டில் பக்கவாதம் என்று பதறுவார்கள். அதிமதுரம் நாள்கணக்கில் உள்ளே போனால் பொட்டாசியம் இறங்கும், பிபி ஏறும். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பிபி மாத்திரை நீர் பிரியச் செய்யும் வகையாக இருந்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாக இறங்கும்.

இன்றைக்கே எல்லா டப்பாவையும் போனில் படம் எடுத்து வையுங்கள். லேபிள் இல்லாத பொடி என்றால் பொட்டலத்தோடு கொண்டு வாருங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால் மயக்க மருத்துவரிடமும் காட்டுங்கள். பெரும்பாலான மூலிகைகளை 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார். அதற்காக டாக்டர் எழுதிய மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: மூலிகை சாப்பிட்டதற்காக யாரும் திட்டக் கூடாது. அப்படியே யாராவது முகம் சுளித்தாலும், சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்துவிடட்டும்.