ஜப்பான் மொழி படிக்க வீட்டுப் பத்திரம் எதற்கு?

போன வாரம் ஊத்துக்கோட்டையிலிருந்து ஓர் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மகளுக்கு 26 வயது, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. ஷிஃப்ட் இருந்ததால் அவள் வரவில்லை. ஜப்பான் மொழி படிக்க ஆசை என்று அவள் சொல்லப்போக, சித்தப்பா ஒருவர் "டோக்கியோ மொழிப் பள்ளிக்கே அனுப்பிடுங்க, 9 லட்சம்தான்" என்று ஏஜென்ட் வரைக்கும் பேசி வைத்துவிட்டார். கடனுக்கு அடகு வைக்க வீட்டுப் பத்திரம் அம்மாவின் பையிலேயே இருந்தது.

அம்மா, முதலில் அந்தப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மாணவர் விசாவில் போகிறவர் தனி அனுமதி வாங்கினாலும், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, ஃபீஸ் போக ஊரில் வட்டியும் கட்டிவிடுவாள் என்று கணக்குப் போடுகிறவர் வட்டி கட்டப்போவதில்லை, நீங்கள்தான் கட்டுவீர்கள்.

சென்னை வகுப்பு, செல்போன் ஆப் எல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள், அதை விடுங்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: 'இரோதொரி'. ஜப்பானில் வாழவும் வேலை பார்க்கவும் போகிறவர்களுக்காக ஜப்பான் அரசு சார்ந்த ஜப்பான் ஃபவுண்டேஷன் எழுதிய பாடநூல். மூன்று புத்தகம், ஒவ்வொன்றிலும் 18 பாடம், ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசம். சத்தியவேடு ரோட்டில் ஷிஃப்ட் பஸ்ஸில் போகும் நேரத்திலேயே ஒரு பாடத்தை இரண்டு தடவை கேட்டுவிடலாம். மூன்றையும் முடித்தால் ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்களுக்கான ஜே.எஃப்.டி. பேசிக் என்ற மொழித் தேர்வு கேட்கிற ஏ2 நிலைக்கு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவுக்கு, வந்துவிடுவாள்.

அவளுக்கு 26 வயசாயிடுச்சே, இனிமே மொழி வருமா என்று அப்பா கேட்டார். வரும் ஐயா. நம் பேச்சைப் போலவே ஜப்பான் மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். 'தபெதெ மிரு' என்றால் அச்சு அசல் நம் 'சாப்பிட்டுப் பார்', தெலுங்கில் 'தினி சூடு'. 'கத்தெ ஒக்கு' என்றால் 'வாங்கி வை'. இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் திணறுகிற இடத்தை, வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிற உங்கள் மகள் சுலபமாகத் தாண்டிவிடுவாள். சிரமமெல்லாம் 'கான்ஜி' என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்தில்தான், அதற்கு தினமும் கைப்பட எழுதிப் பழக வேண்டும்.

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பான் மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கிறது. அதில் அடிநிலையான என்5 சான்றிதழை வைத்து வேலை கேட்க முடியாது, அடுத்த படியான என்4-ஐ முதல் குறியாக வைக்கட்டும்: 180-க்கு 90, பிரிவுவாரியாகவும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. இந்தத் தேர்வில் பேச்சே கிடையாது, அதனால் பாஸான பலருக்கு வாய் திறக்க வராது. உங்கள் மகளுக்கோ தினமும் காதில் விழும் இடத்திலேயே ஜப்பான்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசினால்கூடப் போதும். இதை விட்டுவிட்டு 9 லட்சம் கொடுத்து எதை வாங்கப் போகிறோம்?

அப்புறம் ஜப்பானுக்கே போக வேண்டுமென்று அவளுக்குத் தோன்றினால், 2019-இல் வந்த 'குறிப்பிட்ட திறன்' என்ற வேலை விசா இருக்கிறது. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக், கூடவே தொழில்திறன் தேர்வு. அதில் மாணவியாக இல்லாமல் சம்பளக்காரியாகப் போவாள்.

"இப்படிக் கிறுக்கிக்கிட்டே இருக்கா சார்" என்று அம்மா போனில் ஒரு படம் காட்டினார். கோடு போட்ட நோட்டில் ஒரே சொல், 'கென்சா', ஒரு பக்கம் முழுக்க. பரிசோதனை என்று அர்த்தம், அவள் பார்க்கிற வேலையின் பெயர். கடைசி வரியில் எழுத்து அழகாகவே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள். சித்தப்பா வர வேண்டாம். அந்த நோட்டை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.