“எங்க நாய் ஒண்ணும் பண்ணாது”

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டு நாய்க்கு ஆறு வயது. எடை ஐந்து கிலோகூட இருக்காது. தினமும் கயிற்றோடுதான் நடக்கக் கூட்டிப்போவேன். முந்தாநாள் எதிரே ஒருவர் தன் பெரிய நாயை அவிழ்த்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே வந்தார். “பிடிச்சுக்கங்க” என்று தூரத்திலிருந்தே கத்தினேன். “பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது, வாலை ஆட்டிக்கிட்டுதானே வருது” என்றார். சொல்லி முடிப்பதற்குள் என் பிள்ளை அதன் வாயில் இருந்தான். இரண்டு உதறு உதறியது. மீட்டு எடுத்துப் பார்த்தால் முதுகில் இரண்டே இரண்டு சின்ன ஓட்டைகள். ரத்தம்கூட அதிகமில்லை. “பார்த்தீங்களா, லேசான காயம்தான்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இன்று காலையிலிருந்து இவன் எழுந்திருக்கவே இல்லை. தொட்டால் கத்துகிறான். நான் அப்போதே இவனைத் தூக்கியிருக்க வேண்டுமா? தப்பு என்னுடையதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் மின்னஞ்சலைப் படித்ததும் உங்களைப் போனில் கூப்பிட்டேன். பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை அது. அன்றிரவே நீங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் அவன் பிழைத்தான். இதே நிலையில் நாளை இன்னொருவர் இருக்கலாம் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதுகு முடியை மழித்துப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துப்போயிருந்தது என்று சொன்னீர்கள். அந்த இரண்டு ஓட்டைகளுக்கு அடியில் நடந்தது இதுதான். நாயின் தோல் உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை, தொளதொளவென்று சட்டை மாதிரி நகரும். பெரிய நாய் கவ்வி உதறும்போது, பல் குத்திய இடத்தில் தோல் பல்லோடு சேர்ந்தே போய்வரும். அதனால் ஓட்டை பெரிதாகாது. ஆனால் அடியில் இருக்கும் சதை நகராதே. அது கிழிந்து, நசுங்கி, தோலிலிருந்து பிரிந்து ஒரு பை மாதிரி ஆகிவிடும். கடித்த நாயின் வாயில் இருந்த கிருமிகள் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஓட்டை மூடிக்கொண்டே வரும், உள்ளே சீழ் பிடித்துக்கொண்டே போகும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் காய்ச்சல், வீக்கம், நாற்றம் எல்லாம். நெஞ்சில் கடிபட்டிருந்தால் விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கலாம். வயிற்றில் என்றால் உள்ளே குடல் கிழிந்திருக்கலாம். வெளியே அப்போதும் இதே சின்ன ஓட்டைதான் தெரியும்.

அதனால் நாயோ பூனையோ, இன்னொரு நாயின் வாய்க்குள் போய்வந்தது என்றால் ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும் வழியில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. காயத்தைச் சுத்தமான தண்ணீரால் அல்லது சலைனால் கழுவலாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் ஊற்ற வேண்டாம், மிச்சமிருக்கும் நல்ல சதையையும் அவை கெடுக்கும். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும், இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்னொன்று, வலியில் துடிக்கும் பிராணி வளர்த்தவர் கையையே கடிக்கும். கெட்டியான துண்டில் சுற்றித் தூக்குங்கள்.

பிரித்து எடுக்கும்போது உங்கள் கையில் பல் பட்டதாகச் சொன்னீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் ரேபிஸ் தடுப்பூசிக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உமிழ்நீரில் கிருமியை வெளியேற்றத் தொடங்கிய நாய் பத்து நாளுக்குள் நோயைக் காட்டிவிடும். அதற்காக நாம் ஊசிக்குப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. உங்கள் நாய்க்கு ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிபட்ட பிறகு ஒரு பூஸ்டர் போட வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தப்பு உங்களுடையது இல்லை. கயிறு உங்கள் கையில் இருந்தது. எச்சரிக்கையும் செய்தீர்கள். தூக்கியிருக்கலாமா என்றால், பக்கத்தில் ஒரு கார், கேட், மதில் என்று ஏதாவது இருந்து, அதற்கு அந்தப் பக்கம் விட நேரமும் இருந்தால் தூக்கலாம். வெட்டவெளியில் தூக்கினால் அந்த நாய் உங்கள் மேலேயே எம்பிப் பாயும், நீங்கள் இருவருமே கீழே விழுவீர்கள். குறுக்கே நின்று கையிலிருக்கும் பையை நீட்டுவது, குடையைப் படாரென்று விரிப்பது, அடிவயிற்றிலிருந்து “நில்” என்று அதட்டுவது, இவை ஓரளவு பயன்படும். ஓடுவது மட்டும் கூடவே கூடாது. கவ்விவிட்டது என்றால் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்காதீர்கள், இழுக்க இழுக்கச் சதைதான் கிழியும். கவ்விய நாயின் சொந்தக்காரர் பின்பக்கமாக வந்து அதன் கழுத்துப் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி இறுக்கினால் வாய் தளரும். அதைச் செய்ய அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். போனும் பேச்சுமாக ஐம்பது அடி தள்ளி இருந்தவரால் என்ன செய்ய முடியும்?

வாலாட்டினால் நட்பு என்று அவர் நம்பினாரே, அது பலரும் நம்புவதுதான். வாலாட்டும் நாய் கிளர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007ல் ஒன்றைக் கவனித்தார்கள்: தன்னை வளர்ப்பவரைப் பார்த்த நாயின் வால் வலப்பக்கம் அதிகமாக ஆடியது, தன்னை மிரட்டக்கூடிய அந்நிய நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகமாக ஆடியது. தெருவில் நின்று இடமா வலமா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மற்ற உடம்பைப் பாருங்கள். வால் கொடிமரம் மாதிரி நிமிர்ந்து நுனி மட்டும் விறுவிறுவென்று ஆடுவது, வாயை மூடிக்கொண்டு கண் கொட்டாமல் வெறிப்பது, ஒரு கணம் சிலையாக நின்றுவிடுவது. அந்தக் கணம்தான் கயிற்றை இழுத்திருக்க வேண்டிய கணம். கயிறுதான் இல்லையே.

கேள்வி: எங்கள் நாய் வீட்டில் குழந்தை மாதிரி. என் தங்கை மகள் அதன் காதைப் பிடித்து இழுத்தால்கூட ஒன்றும் செய்யாது. போன வாரம் கேட் திறந்திருந்த நேரத்தில் வெளியே ஓடி, பக்கத்து வீட்டுப் பூனையைக் கொன்றுவிட்டது. ஒரே நொடி, டாக்டர். இதற்கு முன் இப்படிச் செய்ததே இல்லை. இனி குழந்தையையும் கடிக்கும், எங்கேயாவது விட்டுவிடு என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, இதற்கு நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

படித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு நாய் இருந்தது. விடியற்காலையில் ஆளில்லாத ஒரு மைதானத்தில் அதை அவிழ்த்துவிடுவேன். ஒருநாள் சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் தன் கிழட்டு நாயோடு வந்தார். நான் கூப்பிட்டது என் நாயின் காதில் விழவே இல்லை. பிரித்து எடுத்தபோது அந்தக் கிழட்டு நாயின் ஒரு காது தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் தலையைச் சுற்றிக் கட்டினார். “இதுவரைக்கும் இப்படிப் பண்ணதே இல்ல சார்” என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “கொஞ்சம் இந்த முனையைப் பிடி தம்பி” என்றார், முடிச்சுப் போட. மருத்துவச் செலவைக் கொடுத்தேன், மூன்று வாரம் தினமும் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினேன். காது போனது போனதுதான். கடித்த எந்த நாய்க்கும் முதல் கடி என்று ஒன்று இருந்தது, அதற்கு முந்தின நாள்வரை அதுவும் “இதுவரை பண்ணாத” நாய்தான். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அது.

உங்கள் நாய் பூனையைக் கொன்றது வேட்டைக் குணத்தால். வேகமாக ஓடும் சின்ன உருவத்தைத் துரத்து, பிடி, உதறு என்பது நாயின் ரத்தத்தில் ஊறியது. கோபமோ வெறுப்போ அதில் இல்லை. பூனையைக் கொன்றதால் மனிதக் குழந்தையைக் கடித்தே தீரும் என்று சொல்ல முடியாது. அதே சமயம், காதை இழுத்தாலும் பொறுத்துக்கொள்கிறது என்று நீங்கள் பெருமைப்படுவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பொறுத்துக்கொள்கிறது என்றால் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த விளையாட்டை இன்றோடு நிறுத்துங்கள். பெரியவர் யாராவது பக்கத்தில் இல்லாமல் குழந்தையையும் நாயையும் தனியாக விடாதீர்கள்.

எங்கேயாவது கொண்டுபோய் விடுவது தீர்வே இல்லை. அங்கேயும் பூனை இருக்கும், குழந்தை இருக்கும், கயிறு பிடிக்க ஆள் மட்டும் இருக்காது. முதலில் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். எங்கள் நாய், எங்கள் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பூனை ஏன் வெளியே வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் கேட். ஒன்று திறந்தாலும் இன்னொன்று மூடியிருக்கும்படி உள்ளே இரண்டாவது தடுப்பு ஒன்று போடுங்கள், இடுப்புயரக் கம்பித் தடுப்பு போதாது, அது தாவிவிடும்.

வெளியே போகும்போது மசில், அதாவது நாய் கடிக்காமல் இருக்க அதன் வாயில் மாட்டும் கவசம், போடுங்கள். மசில் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம், நாயைக் கேவலப்படுத்துவதாக நினைக்கிறார்கள். கூடை மாதிரி இருக்கும் மசிலில் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணியில் தைத்து வாயை இறுக்கிப் பிடிக்கும் வகை வேண்டவே வேண்டாம். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்தத் துணி மசில் ஊசி போடும் சில நிமிடங்களுக்காக நாங்கள் பயன்படுத்துவது, நடைக்கானது இல்லை.

வாங்கிவந்த அன்றைக்கே மாட்டிவிடாதீர்கள். கூடையை உங்கள் கையில் கிண்ணம் மாதிரி ஏந்தி, அடியில் அதற்குப் பிடித்த தின்பண்டத்தைப் போடுங்கள். நீங்கள் அசையக் கூடாது, மூக்கை அதுவாகவே உள்ளே விட வேண்டும். தின்றதும் வெளியே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று நாள் இது மட்டும். கூடையைப் பார்த்ததும் ஓடிவந்து மூக்கை நுழைக்கிறதா, அடுத்து வாரைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்து, பூட்டாமல் எடுங்கள். அப்புறம் ஒரு நொடி பூட்டு, ஐந்து நொடி, ஒரு நிமிடம், வீட்டுக்குள் நாலு நடை. கூடையின் நுனிக்கும் மூக்குக்கும் நடுவே விரல் அகலம் இடைவெளி இருக்கட்டும், கண்ணுக்குக் கீழே உரசக் கூடாது. ஓரிரு வாரம் பிடிக்கும். அவசரப்பட்டு ஒருமுறை திணித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கூடவே ஒரு நல்ல பயிற்சியாளரையும் பாருங்கள். அடித்துத் திருத்துகிறேன் என்பவர் வேண்டாம். உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கை மணியை நாமே கழற்றி எறிந்த மாதிரி.

கேள்வி: என் நாய் கூப்பிட்டால் உடனே வரும். யாரிடமும் முறைக்காது. அதற்கும் கயிறு கட்டாயமா? இழுத்தால் நீண்டுகொண்டே போகும் கயிறு வாங்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: வீட்டுக்குள் கூப்பிட்டால் வருவது கணக்கில் சேராது. எதிரே ஒரு பூனை ஓடும்போது, பாதித் துரத்தலில் கூப்பிட்டால் திரும்புமா? சந்தேகம் இருந்தால் சுற்றிலும் வேலி உள்ள இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடுங்கள். உங்கள் நாய் சாதுவாகவே இருக்கட்டும், எதிரே வரும் நாயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அதற்குக் கண் தெரியாமல் இருக்கலாம், நேற்றுத்தான் தையல் போட்டிருக்கலாம், முன்பு கடிபட்டு ஒவ்வொரு நாயைக் கண்டும் நடுங்கலாம். இப்படிப்பட்ட நாய்களின் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டும் வழக்கம் 2012ல் சுவீடனில் தொடங்கிப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. நாடா தெரிந்தால் விலகிப் போங்கள். முதல் கடிதம் எழுதிய அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். தையல் பிரித்த பிறகு அவனை மஞ்சள் நாடாவோடு, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் கூட்டிப்போகிறார். தூரத்தில் நாய் தெரிந்தால், அவன் நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு தின்பண்டம் கொடுத்துத் திரும்பிவிடுகிறார்.

நீளும் கயிறு தெருவுக்கு வேண்டாம். ஐந்து மீட்டர் தள்ளிப் போன நாயை அந்த மெல்லிய நூலைப் பிடித்து நிறுத்தப் போனால் உங்கள் விரல்தான் அறுபடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்தில் பட்டையான சாதாரணக் கயிறு போதும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்குமேல் தளர்ந்தால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். கொக்கியையும் ஒருமுறை பாருங்கள். அதன் நாக்கை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் தானாகவே டக்கென்று மூட வேண்டும். மெதுவாக மூடினாலோ பாதியில் நின்றாலோ உள்ளே ஸ்பிரிங் போய்விட்டது, நாளை நடைக்குப் போவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.