கறள் தின்ற தரையும் கசியும் பெற்றோல் தாங்கியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை பழைய கார்களின் தரைத்தகட்டையும் பெற்றோல் தாங்கியையும் பற்றியவையாக இருந்தமையால், ஏனையவற்றை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இப்பக்கத்தை இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. சாரதியின் காலடியில் தகடு உள்ளங்கை அளவுக்கு உக்கி, கீழே நிலம் தெரிகிறது. மேலால் ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிட்டால் போதும் என்று டிங்கரிங் செய்பவர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா ஐயா?
*வாசகர், உவர்மலை*

பதில்: செய்ய வேண்டாம். உள்ளங்கை அளவில் துளை தெரிகிறதென்றால், அதைச் சுற்றி இன்னும் பல அங்குலத்துக்குத் தகடு மெலிந்து, வர்ணத்தின் தயவில்தான் நின்றுகொண்டிருக்கும். மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது. பிடித்தாலும் பழைய தகட்டுக்கும் புதிய தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி, முன்னையதைவிட விரைவாக அரிக்கத் தொடங்கும். எனது காருக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் கறளின் மேலேயே தகட்டை வைத்து ஒட்டி, கறுப்புத் தாரையும் தடிப்பாகப் பூசித் தந்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது மாரி முடிந்து இருக்கையைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தப் புதிய தகடு ஓரத்தோடு கையில் கழன்று வந்தது. அதன் அடிப்பக்கம் பப்படத்தைப் போலப் படைபடையாக உதிர்ந்தது.

உங்கள் காருக்கு இது வெறும் காலடித் தகட்டுப் பிரச்சினையன்று. மொறிஸ் மைனரில் சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், என்று தனியாக ஒன்று கிடையாது. தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டிப் பகுதியும், முன் இருக்கைகளின் அடியில் குறுக்காகச் செல்லும் பெட்டியும் ஒன்றுசேர்ந்தே காரின் பாரத்தைச் சுமக்கின்றன. முன் சக்கரங்களுக்கு இந்தக் காரில் சுருள்வில் இல்லை, நீண்ட முறுக்குத் தண்டுகளே உள்ளன. அவற்றின் பின்முனைகள் அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே துளையைப் பார்ப்பதற்கு முன்னர் குறுக்குப் பெட்டியைப் பாருங்கள். அது உக்கியிருந்தால், முறுக்குத் தண்டின் விசையை முறைப்படி தளர்த்தாமல் எவரும் அங்கே வெட்டக் கூடாது; அது அந்தக் காரை அறிந்தவரின் வேலை.

இருக்கைகளையும், ரெக்சின் விரிப்பையும், அதன் கீழுள்ள சணல் மெத்தையையும் முழுவதாக வெளியே எடுத்துவிடுங்கள். அந்தச் சணல்தான் முதற் குற்றவாளி. மேலே காய்ந்திருப்பதாகத் தோன்றினாலும் அடியில் மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். பின்னர் சிறிய சுத்தியலால் தரையை நாலு அங்குலத்துக்கு ஒருமுறை தட்டிக் கேளுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கியது கீறல் விழுந்த பானையைப் போல மந்தமாகச் சத்தமிடும். சந்தேகமான இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டு, வட்டத்துக்கு வெளியே இன்னும் ஓர் அங்குலம் தள்ளிக் கோடு போடுங்கள். வெட்ட வேண்டியது அந்தக் கோட்டில். துளையின் ஓரத்திலன்று.

வெட்டுவதற்கு முன் மூன்று காரியங்கள் உள்ளன. பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெற்றோல் தாங்கியைக் காரிலிருந்து இறக்கி, பட்டறைக்கு வெளியே, தூரத்தில் வைக்க வேண்டும். கதவு நிலைகளின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்த வேண்டும். இல்லையேல் தரையை வெட்டியதும் உடல் தொய்ந்து, வேலை முடிந்த பிறகு கதவு பூட்டாது. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவது நல்லது. உங்கள் காரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் சாரதியின் காலடிக்குக் கீழேதான் இருக்கிறது என்பதையும் அந்த டிங்கரிங் காரருக்கு நினைவூட்டுங்கள். கிறைண்டரின் தீப்பொறியும் பிரேக் எண்ணெயும் அருகருகே இருக்கக் கூடாதவை.

புதிய தகடு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண உருக்குத் தகடாக இருக்கட்டும். கூரைக்குப் போடும் நாகப்பூச்சுத் தகட்டை மலிவுக்காக வாங்காதீர்கள். வெல்டிங் சூட்டில் நாகம் எரிந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும், ஒட்டும் பலவீனமாகும். வெல்டிங்கை ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும். ஓர் அங்குலம் ஒட்டி, வேறு மூலைக்குச் சென்று ஓர் அங்குலம் ஒட்டி, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்ய வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஒட்டுவதற்கு முன்பே, வெல்டிங்குக்கென்றே உள்ள நாகச் சத்துப் பிரைமரை (அடிப்பூச்சை) மெல்லியதாகப் பூசிவிடுங்கள். முடிந்ததும் மூட்டுகளுக்குச் சீலர் இட்டு, மேலும் கீழும் எப்பொக்சி பிரைமர் பூசி, அதன் மேல் வர்ணம். சிவப்பு ஒக்சைட் பிரைமரை மட்டும் பூசி மழைக்கு விட்டால், அது நுண்துளைகளால் ஈரத்தை உறிஞ்சும்.

இவ்வளவும் செய்த பின்னரும், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காவிட்டால் செலவு வீண். ஒருவர் காருக்குள் டோர்ச் லைற்றுடன் குந்தியிருக்க, இன்னொருவர் முன் கண்ணாடியின் இறப்பரிலிருந்து தொடங்கிக் கதவு விளிம்பு வரை குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட வேண்டும். மைனரில் பெரும்பாலும் கண்ணாடி இறப்பரின் கீழ் மூலையே காட்டிக்கொடுக்கும். கதவடிப் பெட்டியிலுள்ள வடிதுளைகள் தாரினால் அடைபட்டிருந்தால் ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால், காலையில் பளபளவென்று தீட்டிய தகட்டில் மாலைக்குள் செம்மை படர்ந்துவிடும். நம் திருகோணமலைக் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிப்பது அப்படி.

கேள்வி: 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது நிறுத்திய கார், அப்படியே இரண்டு வருடம் நின்றுவிட்டது. இப்போது டிக்கியைத் திறந்தால் பெற்றோல் மணக்கிறது. தாங்கியின் அடிப்பக்கத்தில் ஈரம் கசிகிறது. தாங்கியைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெல்டிங் கடைக்குக் கொடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.
*வாசகர், கிண்ணியா*

பதில்: கழுவிய தாங்கி என்பதை நம்பி வெல்டிங் தீயை அருகே கொண்டுபோக வேண்டாம். நிறைந்த தாங்கியைவிட வெறுமையான தாங்கியே ஆபத்தானது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். பெற்றோல் திரவமாக வெடிப்பதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை இருக்கும்போதுதான் வெடிக்கிறது. ஒரு தேக்கரண்டி பெற்றோல் ஒட்டியிருந்தாலும் வெறுந்தாங்கிக்குள் அந்த அளவு ஆவி உண்டாகிவிடும். சவர்க்காரத்தால் கழுவிய பிறகு மணம் வராதிருக்கலாம். ஆனால் மடிப்புகளுக்குள்ளும் கறள் படைகளுக்குள்ளும் ஊறியிருக்கும் பெற்றோல், வெல்டிங் சூடு பட்டவுடன் மீண்டும் ஆவியாக வெளிவரும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், பட்டறையின் குழிக்குள்ளும் தாழ்ந்த மூலையிலும் போய்த் தங்கி, எட்டத்தில் எரியும் அடுப்பையோ பீடியையோ தேடிச் செல்லும்.

எனவே முதலில் தீயில்லாமல் சோதியுங்கள். திறந்த வெளியில் பெற்றோலை உலோகக் கலனுக்குள் வடித்து, தாங்கியை இறக்கி, அளவுமானியின் மிதவையைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சியோ கைத்தொலைபேசி வெளிச்சமோ வேண்டாம், பெற்றோல் ஆவிக்குப் பாதுகாப்பான டோர்ச்சே வேண்டும். இரண்டு வருடம் நின்ற பெற்றோல் பழைய வார்னிஷ் போலப் புளித்து மணக்கும், அடியில் பிசினாகப் படிந்திருக்கும்.

உட்புறத்தில் மேற்கறள் மட்டும் இருந்தால், அது வீட்டில் தீர்க்கக்கூடியது. உங்களுடையதும் பிந்திய மொறிஸ் மைனர் 1000 என்றால் தாங்கி ஆறரை கலன், அதாவது சுமார் 30 லீற்றர். பெற்றோலை முற்றாக நீக்கிச் சவர்க்காரத்தால் பலமுறை கழுவிய பின், ஒரு முழ நீளச் சங்கிலியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கி, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி, தாங்கியை எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்குங்கள். சிலர் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். போட்டதை எண்ணி, எடுத்ததையும் எண்ணிப் பார்க்கும் பொறுமை இருந்தால் மட்டுமே அது சரிவரும். உதிர்ந்த கறளைக் கொட்டிவிட்டு, 30 லீற்றர் வெந்நீருக்கு ஒன்றரைக் கிலோ சிட்ரிக் அமிலம் என்ற அளவில் கரைத்து நிரப்பி, வாயை இறுக மூடாமல் ஓர் இரவும் பகலும் விடுங்கள். வாயு வெளியேற வழி வேண்டும். பின்னர் வடித்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். இதன் பிறகு தாமதிக்கக் கூடாது. வெற்று இரும்பு கண்முன்னே சிவக்கத் தொடங்கும். உடனே ஸ்பிரிற்றை ஊற்றிக் குலுக்கி வடித்தால் எஞ்சிய நீரை அது இழுத்துக்கொண்டு போகும்; வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, சிறிது எஞ்சின் ஒயில் கலந்த பெற்றோலை உட்புறம் முழுதும் படும்படி சுழற்றுங்கள்.

அடுத்தது கசிவு. துவாரங்களை அடைத்து, வெளிப்புறம் சவர்க்கார நுரை பூசி, சைக்கிள் பம்பால் மெல்ல இரண்டு மூன்று தடவை மட்டும் காற்றடித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். கொம்பிரஸரைப் பூட்டினால் தாங்கி ஊதிப் பிளந்துவிடும். மூட்டில் ஓரிரு ஊசித்துளை என்றால், தாங்கிகளை நீராவியால் சுத்திகரித்து ஈயப் பற்று வைக்கத் தெரிந்த பழைய ரேடியேற்றர் வேலைக்காரர் ஒருவரிடம் கொடுக்கலாம். அடித்தகடே சல்லடையாகியிருந்தால் அதைச் செப்பனிடுவதில் நான் நம்பிக்கை வைப்பதில்லை. பழையதை அச்சாகக் கொண்டு, உள்ளே அலைதடுப்புத் தகடுகளையும் காற்றுத் துவாரத்தையும் மறவாமல், புதிதாக ஒன்று செய்வித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஊற்றிப் பூசும் சீலர் மருந்துகளை விற்பவர்கள் புகழ்வார்கள். கறள் முற்றாக நீங்காத தகட்டில் பூசினால் அது சில காலத்தில் தோலாக உரிந்து, குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை உங்கள் கார் பாதையில் (வாகனங்களை ஏற்றும் மிதவையில்) ஏறித் துறையைக் கடந்து வந்திருக்குமானால், தாங்கியைப் பூட்டும் விளிம்பையும் டிக்கியின் அடியையும் கூர்ந்து பாருங்கள். உவர்நீர் தெறித்த சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும். தாங்கியை இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பைத் துலக்கி வர்ணம் பூசிவிடுவது உத்தமம்.

கேள்வி: தாங்கியைச் சுத்தம் செய்து பூட்டிவிட்டேன். ஆனால் சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டக் டக்' என்று நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.
*வாசகர், உப்புவெளி*

பதில்: இந்தக் கார்களிலுள்ள எஸ்யூ (SU) என்ற பெயருடைய மின் பம்ப், கார்புரேற்றர் நிறையும் வரை வேகமாக அடித்து, நிறைந்ததும் ஓய வேண்டும், எஞ்சின் ஓடாதபோது ஓயாமல் அடிக்கிறதென்றால், பெற்றோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது. தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள குழாய் மூட்டுகளையும், நீங்கள் திரும்பப் பூட்டிய வாஷர்களையும் பாருங்கள். தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அரைநாள் தேடிய பின்தான் எனக்கு அது தோன்றியது.

கேள்வி: மாரிக்கு முன் காரின் அடியில் கழிவு ஒயில் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். தொடரலாமா?
*வாசகி, நிலாவெளி*

பதில்: அந்த ஒயில் பல கார்களைக் காப்பாற்றியது உண்மைதான். ஆயினும் அது இறப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். மழையில் கழுவுண்டு, நிலாவெளி மணலில் இறங்கி, கிணற்று நீரையும் கெடுக்கும். அடித்தளத்தை நல்ல தண்ணீரால் கழுவி இரண்டு நாள் காயவிட்டு, பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுக் கரைசலைச் செலுத்துங்கள். வெளிப்புறத்துக்கு எப்பொக்சி பூச்சு போதுமானது. அடிக்கும்போது பிரேக் டிரம்களைச் சாக்கால் மூடிக்கொள்ளுங்கள்.